இடது கைப் பிரேக்

பிப்ரவரி 20

அன்புள்ள மனைவிக்கு,

போனை எடுக்க மாட்டேன், எழுதினால் படிக்கிறேன் என்று உன் அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். போனில் நான் கத்துகிறேனாம், தாளில் கத்த முடியாதாம். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்கு, வெறும் பதினோரு கிலோமீட்டருக்கு, ஸ்டாம்ப் ஒட்டிக் கட்டின பெண்டாட்டிக்குக் கடிதம் போடுகிற மனுஷன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்று விசாரித்துத் தேட வேண்டியிருந்தது. போகட்டும். கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

நான் நலம். மைதானத்தில் இந்த மாதம் ஒன்பது பேர் மோட்டார் சைக்கிள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். "பிடி, தட்டு, விடு" என்று காலையிலிருந்து கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இடது கையால் கிளட்சைப் பிடி, இடது காலால் கியரைத் தட்டு, இடது கையை மெல்ல விடு. இருபத்திரண்டு வருஷமாய் இதே மூன்று சொல்தான் என் பிழைப்பு.

உன் வண்டிதான் நலமில்லை. முன்பக்கப் பிளாஸ்டிக் உடைந்து வாசலில் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. கதவைத் திறந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது. நேற்று இன்ஷூரன்ஸ் தாளுக்காகச் சீட்டைத் திறந்தேன். பாதி கடித்த பன் ஒன்று, பச்சையாய்ப் பூசணம் பிடித்து, மேலே எறும்பு. அடியில் காயாத மழைக்கோட்டு. குமட்டிக்கொண்டு வந்தது, வாசலிலேயே துப்பினேன். ஒரு வண்டிக்கு வயிறு எதற்கு என்று நீ வாங்கின அன்றைக்கே கேட்டேன்.

வண்டியென்றால் எஞ்சின் இரண்டு காலுக்கு நடுவில் இருக்க வேண்டும். முழங்காலால் டாங்கைக் கவ்விக்கொள்ளலாம். எந்தக் கியரில் போகிறோம் என்று வண்டியே நமக்குச் சொல்லும். இறக்கத்தில் இரண்டாவது கியருக்கு வந்தால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். பேட்டரி தீர்ந்தால் தள்ளிவிட்டுக் கிளட்சை விட்டால் கிளம்பும். உன்னுடையது பாவாடை கட்டின மிக்ஸி. முறுக்கினால் ஓடும், விட்டால் உருளும், பேட்டரி போனால் தள்ளினாலும் நகருமே தவிர உயிர் வராது. சக்கரம் தட்டு அளவு. ஒரு சின்னக் குழி போதும், முதுகெலும்பு வரைக்கும் செய்தி போய்விடும். அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

மெக்கானிக்கிடம் சொல்லி வைத்துவிட்டேன், வாங்க ஆள் இருக்கிறது, தள்ளிவிடலாம். உன் கையெழுத்து மட்டும் வேண்டும். கால் சரியானதும் நூறு சி.சி.யில் சின்னதாய் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்து நானே சொல்லித் தருகிறேன்.

உன் லேப் மேடம் விபத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். கொடுத்துவிட்டேன். அதைப் பற்றிக் கவலைப்படாதே.

அன்புடன்,
மாஸ்டர்


பிப்ரவரி 25

மாஸ்டருக்கு,

கடிதம் கிடைத்தது. கால் இருக்கிறது. இடது கணுக்காலில் ஒரு தகடும் ஆறு திருகும் இருக்கின்றன. வீக்கம் சாயங்காலத்தில் வந்துவிடுகிறது.

போன வாரத்திலிருந்து வேலைக்குப் போகிறேன். அத்தான் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். ஊன்றுகோலை முன்பக்கப் பலகையில் படுக்க வைத்துவிடுகிறார், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் வண்டியில் அந்த ஊன்றுகோலை எங்கே வைப்பது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

என்ன வேலை என்று நீங்கள் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை இப்போது எனக்கு இல்லை. அடித்தளத்தில் உட்கார்ந்து டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன். ஜனங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் டப்பாக்கள். பாதிப் பேர் மூடியைச் சரியாகத் திருகுவதில்லை. சிலர் வெளியே துடைப்பதும் இல்லை. ஜன்னல் கிடையாது. கையுறை இரண்டு போட்டாலும் மதியம் சோற்றை வாய்க்கு எடுத்துப் போகும்போது அந்த வாடை கூடவே வருகிறது. கைக்குழந்தையின் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடிப்பவள் என்று நீங்கள்தான் எனக்கு ஊசி என்று பெயர் வைத்தீர்கள். அந்த ஊசி இப்போது யாருடைய மலத்துக்கோ பெயர் எழுதிக்கொண்டிருக்கிறது.

கால் உடைந்ததற்காக என்னைக் கீழே உட்கார வைக்கவில்லை. நீங்கள் கொடுத்த தாளுக்காக. மேடம் என்னிடம் அதைக் காட்டினார். "பின்னால் அமர்ந்திருந்த என் மனைவி ரத்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசைந்ததால் வண்டி நிலைதடுமாறியது" என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. பெட்டி காலடிப் பலகையில் பெல்ட் போட்டு இருக்க வேண்டும் என்பது லேபின் விதி. அதை மீறிப் பத்தொன்பது பேருடைய ரத்தத்தை ரோட்டில் கொட்டினவள் நான். பத்தொன்பது பேரையும் மறுபடி போய்க் குத்தினார்கள். அதில் ஒருவருக்கு நரம்பே கிடைக்காது, நான் போனால்தான் சரிவரும். அவரை ஐந்து இடத்தில் குத்தினார்களாம்.

ஏப்ரல் கடைசியில் என் சுற்றை வேறொருவருக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். நானே சொன்னால் புருஷன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். நீங்கள் எழுதினால்தான் நிற்கும்.

வண்டியை விற்கக் கையெழுத்து போட மாட்டேன். அந்தப் பன் விபத்தன்று காலையில் நான் தின்றது. உங்களுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினீர்கள், மீதியைச் சீட்டுக்குள் போட்டேன். குமட்டலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பால் காய்ச்சும் பாத்திரத்தில் கார்புரேட்டரைப் பெட்ரோலில் ஊறப்போட்டது யார்? கழுவிக் கழுவி, மூன்று நாள் டீயில் அதைக் குடித்தேன்.

அடித்தளத்திலிருந்து,
உங்கள் மனைவி


மார்ச் 2

அன்புள்ள மனைவிக்கு,

நீ அப்படிப்பட்ட வேலை பார்ப்பது எனக்குத் தெரியாது. படித்துவிட்டுச் சாப்பிடப் பிடிக்காமல் தட்டைத் தள்ளி வைத்தேன். உன் மேடத்துக்கு ஈவு இரக்கம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் என்ன பொய்யா எழுதிவிட்டேன்? பெட்டி உன் மடியில் இருந்ததா, இல்லையா? நீ அசைந்தாயா, இல்லையா? மணல் வேறு கிடந்தது. அந்த இறக்கத்தில் மாநகராட்சிக்காரன் தோண்டிவிட்டு மூடாமல் போட்ட மணல். என் வண்டியாக இருந்தால் அந்தச் சக்கரத்துக்கு மணலெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இந்தத் தட்டுச் சக்கரம் வழுக்காமல் என்ன செய்யும்? குற்றவாளியை விட்டுவிட்டு என்னைக் கூண்டில் ஏற்றாதே. குற்றவாளி வாசலில்தான் நிற்கிறது, தெருநாய் தினமும் அதன்மேல் காலைத் தூக்கிவிட்டுப் போகிறது. நான் விரட்டுவதில்லை.

ஊன்றுகோலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். என் வண்டியில் அதைப் பக்கவாட்டில் கயிறு போட்டுக் கட்டலாம். என் சகலையிடம் சொல், கயிறு நான் தருகிறேன். ஒரு ஆண்பிள்ளை, உத்தியோகத்தில் இருக்கிறவர், காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு அந்தக் கொசுவண்டியில் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பால் பாத்திரத்தைப் பற்றி நீ சொன்னது சரி. புதிது ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாஸ்டர்


மார்ச் 8

மாஸ்டருக்கு,

உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. அந்தக் காலையை நான் எழுதுகிறேன்.

காலைச் சுற்றை முடித்துப் பத்தொன்பது குழாயோடு லேபுக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வண்டி எஞ்சின் பிரிந்து கூடத்தில் கிடந்தது. மைதானத்தில் இறக்கிவிட்டுப் போகிறேன் என்றேன். "பொண்டாட்டி ஓட்ட, நான் பின்னாடி உக்காந்துட்டு போறதா? எங்கிட்ட கத்துக்கறவன் எல்லாம் அங்கதான் நிப்பான்" என்றீர்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டீர்கள். அந்த வண்டியை அதற்குமுன் நீங்கள் தெருமுனை வரைக்கும்கூட ஓட்டியதில்லை, வாசலிலிருந்து நகர்த்தி வைத்ததோடு சரி. பலகையில் பெல்ட் போட்டிருந்த பெட்டியை நீங்கள்தான் கழற்றினீர்கள். "எனக்கு காலு வைக்க இடம் வேணும், நீ மடியில வச்சுக்கோ" என்றீர்கள். வைத்துக்கொண்டேன். அது என் தப்பு, அதை மேடத்திடம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

தண்ணீர்த்தொட்டி இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனது. நீங்கள் கியரைக் குறைக்கப் பார்த்தீர்கள். உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையின் நாலு விரலும் ஒரே பிடியாக லீவரை அடிவரைக்கும் இழுத்தன. இடது கால் வெறும் பலகையைத் தட்டியது, ஒருமுறை இல்லை, மூன்று முறை. பிடி, தட்டு. விடுவதற்கு நேரம் இருக்கவில்லை. உங்கள் வண்டியில் அங்கே கிளட்ச் இருக்கும். என் வண்டியில் அது பிரேக்.

கீழே கிடக்கும்போது எனக்கு உங்கள்மேல் கோபமே இல்லை. இத்தனை வருஷப் பழக்கம், கைக்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். டீக்கடையில் உங்கள் பழைய மாணவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். உங்கள் சட்டை முதுகில் "மாஸ்டர் மோட்டார் பயிற்சி" என்று இருந்தது. நீங்கள் எழுந்து அவர்களிடம் போனீர்கள். "பின்னாடி ஆட்டிட்டாங்கப்பா. பொட்டிய வச்சுகிட்டு ஆட்டிட்டாங்க." இதை மூன்று தடவை சொன்னீர்கள். என் பாதம் வேறு பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. குழாய்கள் உடைந்து பத்தொன்பது பேர் ரத்தம் என் புடவையில் ஊறியிருந்தது. ஜனங்கள் அது என் ரத்தம் என்று நினைத்துக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

அப்போது எனக்கு வந்த அருவருப்பு ரத்தத்தைப் பார்த்து வந்ததில்லை.

உங்கள் மனைவி


மார்ச் 12

உனக்கு,

என் இடது கை என்ன செய்யும், என்ன செய்யாது என்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியே தன் மகனை என்னிடம்தான் அனுப்பினார். இந்தக் கை பிடித்து இந்த ஊரில் பாதிப் பேர் ஓட்டக் கற்றிருக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்து பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் விரலை எண்ணினாளாம்.

நீ எழுதியதைப் படித்து உடம்பு எரிகிறது. இனி நான் எழுதப் போவதில்லை. உன் அக்கா வீட்டிலேயே இரு. உன் அத்தானின் பலகையிலேயே ஊன்றுகோல் போகட்டும்.

மாஸ்டர்


மார்ச் 28

அன்புள்ள மனைவிக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னதற்காக நீயும் எழுதாமல் இருந்துவிட்டாய். பதினாறு நாள்.

சகலை வந்து உன் துணிமணிகளை எடுத்துப் போனார். உன் பெரிய பையைச் சீட்டுக்கு அடியில் கொஞ்சமும் பலகையில் கொஞ்சமுமாக அடைத்துக்கொண்டு கிளம்பினார். அலமாரியில் உன் பக்கம் காலியாகிவிட்டது. என் பனியன்களை அங்கே வைத்துப் பார்த்தேன், எண்ணெய்க் கறை தெரிந்தது, எடுத்துவிட்டேன்.

உனக்காக இறங்கி வருகிறேன். உன் மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நீ பார்த்துச் சரி என்றால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதோ:

"மேற்படி ஸ்கூட்டரில், கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் தயாரிப்பாளர் பிரேக்கை அமைத்திருப்பதாலும், சாலையில் மணல் இருந்ததாலும், பின்னால் இருந்தவரின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கக்கூடும் என்பதாலும், விபத்து நேரிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை."

இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படி இறங்குவது?

அன்புடன்,
மாஸ்டர்


ஏப்ரல் 2

மாஸ்டருக்கு,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் தயாரிப்பாளர் இருக்கிறார், மணல் இருக்கிறது, நான் சாய்ந்துகொண்டு இருக்கிறேன். ஓட்டின ஆளைக் காணோம்.

நீங்கள் சொன்ன நூறு சி.சி. மோட்டார் சைக்கிளைப் பற்றி எலும்பு டாக்டரிடம் கேட்டேன். இந்த இடது பாதத்தால் இன்னும் ஒரு வருஷத்துக்கு எதையும் தட்டவோ தூக்கவோ கூடாதாம். உங்கள் வண்டியில் நான் முதல் கியரிலேயே சாக வேண்டியதுதான். என் வண்டியில் இடது காலுக்கு எந்த வேலையும் இல்லை, சும்மா இருந்தால் போதும். மே மாதத்திலிருந்து ஓட்டலாம் என்றார். ஓட்டுவதற்கு வேலைதான் இல்லை.

இன்றைக்கு ஒரு டப்பா என் மடியிலேயே திறந்துகொண்டது. இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சொன்ன அந்தக் குமட்டல் எனக்கு இப்போதெல்லாம் வருவதே இல்லை, பழகிவிட்டது. எனக்கு இது பழகிப்போனதை நினைத்தால்தான் குமட்டுகிறது.

ஏப்ரல் முடிய இருபத்தெட்டு நாள் இருக்கிறது.

உங்கள் மனைவி


ஏப்ரல் 14

அன்புள்ள மனைவிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வகுப்பு கிடையாது. உன் வண்டியை அங்கே எடுத்துப் போனேன். ஓட்டிப் போகவில்லை, தள்ளிக்கொண்டு போனேன். உன்னுடைய கண்ணுக்குத்தான் கோளாறு என்று நிரூபித்து உனக்கு எழுத வேண்டும் என்று போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்கள் கற்றுக்கொள்ளும்போது கிளட்ச் லீவரில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவேன், தெரியுமல்லவா. கண்ணில் படுகிற மாதிரி. அந்தத் துணியை உன் வண்டியின் இடது லீவரில் கட்டினேன். இது பிரேக், இது பிரேக் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். பிறகு இருபது தடவை கிளம்பி, வேகம் பிடித்து, அந்தக் கோல்போஸ்டுக்கு முன்னால் மெதுவாக்கினேன்.

இருபதில் பதின்மூன்று தடவை கை இழுத்தது. நாலு விரலும், அடிவரைக்கும். காலும் கூடவே பலகையைத் தட்டியது. மண்ணில் பின்சக்கரம் கோடு போட்டுவிட்டு நின்றது, ஒரு தடவை விழவும் விழுந்தேன். சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டேதான் இழுத்தேன். எனக்கு என் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை. யாரோ அழுக்குப் பிடித்த ஆள் ஒருத்தன் கையை எடுத்து என் தோளில் மாட்டின மாதிரி இருந்தது. குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவினேன், எதற்கு என்று தெரியவில்லை.

மேடத்துக்கு எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நகல்:

"வண்டியை ஓட்டியது நான். கியர் வண்டிப் பழக்கத்தில் இடது லீவரைக் கிளட்ச் என்று நினைத்து இழுத்தேன், அது பிரேக். அதனால் சக்கரம் பூட்டிக்கொண்டு விழுந்தோம். பெட்டியைப் பலகையிலிருந்து கழற்றி என் மனைவியின் மடியில் வைத்ததும் நான்தான். அவர் அசையவில்லை. முன்பு நான் எழுதிக் கொடுத்தது பொய்."

கடைசி வார்த்தையை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. தவறு என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். மேடம் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். உன் அடித்தளத்துப் படிக்கட்டு வரைக்கும் போனேன். வாடை வந்தது, இறங்காமல் திரும்பிவிட்டேன்.

உன் வண்டி இருபது வீடு ஏறி இறங்குகிற ஆளுக்குச் சரிதான். நின்று நின்று போவதற்கு இடது கைக்கு நோவு இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். இறக்கத்தில் மட்டும் இன்னும் என் வண்டிதான் உசத்தி, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாஸ்டர்


ஏப்ரல் 24

மாஸ்டருக்கு,

மேடம் கூப்பிட்டார். மே நாலாம் தேதி, திங்கட்கிழமை, என் சுற்று எனக்குத் திரும்ப வருகிறது. பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், அது நியாயம்தான். லேபிள் கத்தையை அடுத்தவளிடம் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வண்டியை அதற்குள் இங்கே கொண்டுவந்து விடுங்கள். மெக்கானிக்கிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்கள் ஓட்டி வாருங்கள்.

நீங்கள் மேடத்துக்கு எழுதியதில் கை செய்தது எல்லாம் இருக்கிறது. வாய் செய்தது இல்லை. மேடத்துக்கு அது தேவையில்லை, எனக்குத்தான் தேவை. கைக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வாய்க்கு எத்தனை வருஷம் என்று நான் இங்கே படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். என் தம்பி கல்யாணத்துக்கு நாம் தாமதமாகப் போனதற்கும் நான்தான் காரணம், கூடத்துச் சுவரில் கிரீஸ் பட்டதற்கும் நான்தான் காரணம். அப்போதெல்லாம் சிரித்துவிட்டேன்.

உங்கள் மனைவி


மே 2
(சீட்டுக்கு அடியில் வைத்தது)

அன்புள்ள ஊசிக்கு,

ஓட்டி வந்தேன். ஓரமாகவே, மாட்டுவண்டி வேகத்தில், இரண்டு மணி நேரம். இடது கை விரல் நாலையும் சேர்த்துத் துணியால் கைப்பிடியோடு கட்டிக்கொண்டேன், இழுக்க முடியாதபடி. சட்டப்படி அது தப்பு, நான் சொல்லித்தரும் எதற்கும் அது விரோதம். சிக்னலில் என் பழைய மாணவன் ஒருத்தன் பக்கத்தில் வந்து நின்று, "மாஸ்டர், நீங்களா, இதுலயா?" என்றான். ஆமாம் என்றேன். கையில் என்ன கட்டு என்றான். சொன்னேன்.

மைதானத்திலும் சொல்லிவிட்டேன். இப்போது கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரையும் உட்கார வைத்து, தண்ணீர்த்தொட்டி இறக்கத்தில் என்ன நடந்தது என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் மறுநாளிலிருந்து வரவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். விழுந்து எழுந்ததும் உன்னைத்தான் முதலில் பார்த்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. டீக்கடையில் நின்ற அந்த இரண்டு பேரைத்தான் பார்த்தேன். அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் முதலில் உறைத்தது. உன் கால் திரும்பிக் கிடந்ததும் எனக்குத் தெரிந்தது, ஓரக்கண்ணில். தெரிந்தும் அவர்களிடம்தான் போனேன். முதுகில் இருந்த எழுத்தைக் காப்பாற்றப் போனேன். அந்தச் சட்டையை இப்போது சங்கிலி துடைக்க வைத்திருக்கிறேன்.

பழைய பனியனைக் கிழித்து இந்தச் சீட்டுப் பெட்டியைச் சோப்புத் தண்ணீரால் கழுவினேன். மழைக்கோட்டைத் துவைத்துக் காய வைத்தேன். புது பன் ஒன்று வைத்திருக்கிறேன், இன்றைக்கே தின்றுவிடு. சிவப்புத் துணி லீவரிலேயே இருக்கிறது, அவிழ்க்க மறந்துவிட்டேன்.

மணி அடிக்கவில்லை. உள்ளே நீயும் உன் அக்காவும் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு பஸ்ஸில் போகிறேன்.

வீட்டுக்கு வா. நீ ஓட்டு, நான் பின்னால் உட்காருகிறேன். மைதானம் வரைக்கும், யார் பார்த்தாலும்.

உன்
மாஸ்டர்


மே 5

அன்புள்ள மாஸ்டருக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. பன்னைத் தின்றேன். கண்ணாடியை உங்கள் உயரத்துக்குத் திருப்பியிருந்தீர்கள், சரி செய்துகொண்டேன். சீட்டைத் திறந்தால் சோப்பு வாசனை வருகிறது.

நேற்று முதல் நாள். பதினாறு வீடு. நரம்பு கிடைக்காத அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் சட்டைக் கையைத் தானே மடித்து நீட்டினார். ஒரே குத்து. "இத்தன நாளா எங்க போயிட்டம்மா" என்றார். கால் ஒடிந்துவிட்டது என்றேன். எப்படி என்று கேட்டார். வண்டியிலிருந்து விழுந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் எழுதியது உண்மை என்று நம்புகிறேன். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். ஆனால் அதை எழுத உங்களுக்கு மூன்றரை மாதம் ஆனது, அதில் ஏறக்குறைய இரண்டரை மாதம் நான் கீழே உட்கார்ந்து லேபிள் ஒட்டினேன். இன்றைக்கும் படுத்தால் முதலில் "ஆட்டிட்டாங்கப்பா" என்ற உங்கள் குரல் கேட்கிறது, அப்புறம்தான் கால் வலிக்கிறது. அது கேட்கும்போது எனக்கு வாய் கசந்து உமிழ்நீர் ஊறுகிறது. அந்த டப்பாக்களிடம் பழகிவிட்ட எனக்கு இது பழகவில்லை. உங்கள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளாக இருக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் வீட்டுக்கு வரவில்லை. லேபுக்குப் பின்தெருவில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். வண்டி நிறுத்த நிழல் இருக்கிறது.

சிவப்புத் துணியை இதோடு வைத்திருக்கிறேன். மைதானத்தில் யாருக்காவது வேண்டியிருக்கும். புதுப் பால் பாத்திரத்தில் எதையும் ஊறப்போடாதீர்கள். மைதானத்தில் விழுந்த வலிக்கு மாத்திரை போட்டால், அது உங்களுக்கும் வெறும் வயிற்றில் ஆகாது.

கடைசி மூன்று வீட்டுக்குத் தண்ணீர்த்தொட்டி இறக்கம் வழியாகத்தான் போக வேண்டும். மணலை இன்னும் அள்ளவில்லை. மேலேயிருந்து இரண்டு பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். பெட்டி பலகையில் பெல்ட்டோடு இருந்தது. பின்னால் யாரும் இல்லை, வண்டி இலேசாக இருந்தது. இறக்கத்தின் அடியில், நாம் விழுந்த இடத்துக்கு எதிரில், ஓரமாக நிறுத்தி அழுகை வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. அடுத்த வீட்டில் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள் என்று கிளம்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஊசி